சும்மாதானே இருக்கிய?

மதுரைப் பெண் நான். கல்யாணமாகி மணவாளக்குறிச்சிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வந்த பத்தாம் நாள் காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்ன மக்களே, விசேஷம் உண்டா?” என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தாலி கட்டிப் பத்து நாளில் கேட்கிற கேள்வியா இது?

அரை மணி நேரம் கழித்து மீன்கார அக்கா வந்தார். அறுபத்தைந்து வயசான என் மாமியிடமும் அதே கேள்வி: “மாமி, விசேஷம் உண்டா?” மாமி கொஞ்சமும் அசரவில்லை. “ஒண்ணும் இல்ல. சாளை என்ன வெல?” என்றார்.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கம் விசேஷம் என்றால் வயிற்றில் பிள்ளை. இங்கே அதற்கு ‘என்ன சேதி?’ என்றுதான் அர்த்தம். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த மாவட்டம் இது. மலையாளத்துக்கும் இந்த ஊர்ப் பேச்சுக்கும் பொதுவான சொற்கள் ஏராளம். “வெள்ளம் குடிக்கியா?” என்று மாமி முதல்முறை கேட்டபோதும் இப்படித்தான் விழித்தேன்.

புரியாமல் வருகிற எரிச்சல் இப்படித்தான், புரிந்ததும் போய்விடும். நன்றாகப் புரிந்த பிறகும் எரிச்சல் தருகிற வார்த்தைகளை என்ன செய்வது?

உங்களிடமும் ஒரு பட்டியல் இருக்கும். “நான் அப்பவே சொன்னேன்ல?” “தப்பா எடுத்துக்காதீங்க...” “என்ன இப்படி மெலிஞ்சுட்டீங்க, சுகரா?” என் பட்டியலில் முதலிடம் எப்போதும் ஒன்றுக்குத்தான். “நீங்க வீட்டுல சும்மாதானே இருக்கிய?”

கரன்ட் பில் கட்ட வேண்டுமா, உறவில் யாருக்காவது ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் வேண்டுமா, போன் எனக்குத்தான் வரும். பேச்சு இந்த வாக்கியத்தில்தான் தொடங்கும். போவதில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் ‘சும்மா’தான் உறுத்தும்.

போன ஜூன் மாதம் என் மகள் பள்ளிக்கூட விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு. “அம்மா, உன் தொழில்னு என்ன போட?” என்றாள். நான் மரச்சீனிக் கிழங்கைத் தொலி உரித்துக்கொண்டே, “ஒண்ணும் இல்லைன்னு போடு. சும்மாதானே இருக்கேன்” என்றேன்.

அவள் என் கையையும் கத்தியையும் பார்த்தாள். “அப்போ இது என்ன?” என்றாள்.

பதில் சொல்ல வரவில்லை. ஊரார் சொல்லும்போதெல்லாம் கோபப்பட்ட வார்த்தையை, நானே என் மகளிடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்களில் அந்த வேலை செய்பவர்கள் கொடுப்பது 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் உழைத்த பிறகும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டுமே செய்கிறவர்கள் ‘வேலை செய்யாதவர்கள்’ பட்டியலில்தான் வருகிறார்கள்.

வார்த்தை மாறினால் பார்வையும் கொஞ்சம் மாறும். விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், வீட்டைக் கவனிக்கும் பெண்கள் வேலை செய்வதில்லை என்ற எண்ணமே தவறு என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் திட்டத்துக்கு ‘மகளிர் உரிமைத்தொகை’ என்று பெயர். ‘உதவித்தொகை’ என்று இல்லை. ஒரு சொல்தான் வித்தியாசம். வாங்குகிறவர் நிமிர்ந்து நிற்பதற்கு அது போதும்.

எங்கள் ஊர் மணலுக்கே ஒரு கதை உண்டு. இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னங்கயிற்றில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது. ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் 1909-ல் அதைச் சோதித்துப் பார்த்தார். உள்ளே மோனசைட். அந்தக் காலத்து கேஸ் விளக்கு மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில்தான் இருந்தது. சும்மா மணல் என்று எல்லோரும் உதறிவிட்டுப் போனது அது. இன்று அதைத் தோண்டலாமா கூடாதா என்ற சண்டை தனிக்கதை. ஆனால் ‘சும்மா’ என்று இனி அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

விண்ணப்பத்தில் மகள் என்ன எழுதினாள் என்று கேட்கிறீர்களா? “‘இல்லத்தரசி’ன்னு போடட்டுமா?” என்று முதலில் கேட்டாள். “எந்த அரசி மக்களே சாளை கழுவுறா?” என்றேன். இருவரும் சிரித்தோம். கடைசியில் ‘வீட்டு நிர்வாகம்’ என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் வருமானம் கேட்டிருந்தார்கள். ஒரு கோடு போட்டுவிட்டு, “இதுக்கு இன்னும் வார்த்தை கண்டுபிடிக்கல” என்றாள்.

நேற்று பக்கத்து வீட்டு அக்கா மதில் வழியே எட்டிப் பார்த்தார். “என்ன மக்களே, விசேஷம் உண்டா?” வழக்கமாக, “ஒண்ணுமில்லக்கா, சும்மாதான் இருக்கேன்” என்பேன். நேற்று அப்படிச் சொல்லவில்லை. காலையிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முடிந்ததும் அவர் தன் கணக்கை ஆரம்பித்தார். இருவரும் பேசி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.