சித்திர உலகின் நாணயக் கணக்கு

கற்பனையுலகு ஒன்றைப் படைப்பவன் அதற்கு மலைகளையும் ஆறுகளையும் வகுக்கிறான். அரசர்களையும் பகைவர்களையும் அமைக்கிறான். அவ்வுலகத்து மாந்தர் ஒருவேளை உணவுக்கு என்ன விலை கொடுத்தனர் என்று கேட்டால் மாத்திரம் அவன் பெரும்பாலும் மறுமொழி கூறுவதில்லை. அவ்வாறு மறுமொழியின்றி விடப்பட்ட வினாவொன்றை எடுத்துக்கொண்டு நம் விடுதி மாணவர் சிலர் சென்ற வருஷத்தில் பல இரவுகள் வாதித்தனர். அவ்வாதத்தில் நாமும் கலந்துகொண்டோம். கலந்துகொண்டதோடு நில்லாமல் ஒரு பிழையும் செய்தோம். அப்பிழையை ஒப்புக்கொள்வதும், அதனால் நாம் அறிந்துகொண்டதை நேயர்கள்முன் வைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

வாதத்துக்கு இடமான கதை ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிச் சித்திரத் தொடராகும். மைக்கேல் டான்டே டிமார்டினோ, பிரையன் கொனியெட்ஸ்கோ என்னும் இருவர் படைத்த இத்தொடர் 2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக வெளிவந்தது. நீர், நிலம், நெருப்பு, காற்று என்னும் நான்கு பூதங்களையும் ஆளவல்ல நான்கு சமூகத்தார் அவ்வுலகில் வாழ்கின்றனர். அவருள் நெருப்பு நாட்டார் ஏனையோர்மேல் தொடுத்த போர் 100 வருஷமாக நடைபெறுகிறது. அதனை முடிக்கும் பொறுப்பு 12 வயதுச் சிறுவனான ஆங் என்பவனைச் சார்கிறது. நீர்க்குடியில் பிறந்த கட்டாரா என்னும் சிறுமியும், அவள் தமையன் சொக்காவும் அவனுக்கு வழித்துணை. இவ்வுலகத்தின் உடை, கட்டடம், எழுத்து ஆகியவற்றிற் பல சீன நாட்டினின்றும் ஏனைய ஆசிய நாடுகளினின்றும் எடுக்கப்பட்டவை. ஆனால் அதன் பணமோ பொற்காசு, வெள்ளிக்காசு, செப்புக்காசு என உலோகத்தின் பெயராலேயே வழங்குகின்றது. ஒரு பொற்காசுக்கு எத்தனை செப்புக்காசு என்பதே நம் மாணவர் எழுப்பிய வினா.

இனிச் சான்றுகளைப் பார்ப்போம். முதற்பாகத்தின் 9-ஆம் பகுதியில், பூமி என்னும் அரசன் கொடுத்தனுப்பிய பணத்தில் இவர்கள் கையில் எஞ்சியிருப்பது 3 செப்புக்காசு. அதிலும் ஒன்றைக் கொடுத்து ஆங் ஓர் ஊதுகுழலை வாங்கிவிடுகிறான். பின்னர் கடற்கொள்ளையரின் கப்பலில், நீரை ஆளும் வித்தை எழுதிய சுருளொன்றைக் கட்டாரா காண்கிறாள். விலை 200 பொற்காசு என்கிறான் கப்பல் தலைவன். ஆங் முதலில் ஒரு செப்புக்காசுக்குக் கேட்கிறான். தலைவன் மறுக்கவே, பெரிய மனத்தோடு இரண்டு செப்புக்காசாக உயர்த்துகிறான். பேரம் படியவில்லை. கட்டாரா அச்சுருளைத் திருடிவிடுகிறாள்.

இரண்டாம் பாகத்தின் 4-ஆம் பகுதியில், நெருப்பு நாட்டு இளவரசன் சூகோவும் அவன் பெரிய தந்தை ஐரோவும் நாடிழந்து தெருவோரத்தில் இரந்து நிற்கின்றனர். வழிப்போக்கன் ஒருவன் ஒரு பொற்காசைக் காட்டி, அது வேண்டுமாயின் தனக்கு வேடிக்கை காட்டும்படி ஐரோவை ஏவி, அவர் காலடியில் வாளை வீசி ஆடச்செய்கிறான். அதே பாகத்தின் 6-ஆம் பகுதியில், பெருஞ்செல்வர் ஒருவரின் மகளான டோப் என்னும் சிறுமியைக் கடத்திச் சென்றவர் மீட்புப்பணமாகக் கேட்பது 500 பொற்காசு.

நாம் சான்றாகக் கொண்டவை இவ்வளவே. இவற்றுள் எந்த இடத்திலும் ஒரு பொற்காசு இத்தனை செப்புக்காசுக்குச் சமம் என்று எவரும் சொல்லவில்லை. இருந்தும் நாம் ஒரு தாளை எடுத்து, 1 பொற்காசுக்கு 10 வெள்ளிக்காசு, 1 வெள்ளிக்காசுக்கு 10 செப்புக்காசு என்று அழகாக ஓர் அட்டவணை வரைந்து விடுதிச் சுவரில் ஒட்டினோம். பத்தும் நூறும் கண்ணுக்கு இனியவை, கணக்குக்கும் எளியவை. அதுவன்றி வேறு காரணம் நம்மிடம் இல்லை.

ஒரு மாதம் சென்றது. மாணவர் சங்கக் கூட்டமொன்றில் முதல் வருஷத்து மாணவர் ஒருவர் இத்தொடரைக் குறித்துப் பேசினார். பேச்சினிடையே, “தொடரில் கூறியுள்ளபடி ஒரு பொற்காசு நூறு செப்புக்காசு” என்று நம் அட்டவணையையே ஓதினார். சபையோர் கரகோஷம் செய்தனர். பின்வரிசையிலிருந்த ஒருவர் எழுந்து, “எந்தப் பகுதியில்?” என்று கேட்டார். பேசினவர் திகைத்து நம்மை நோக்கினார். நாம் அப்பொழுதே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கூட்டம் வேறு விஷயத்துக்குச் சென்றுவிட்டது. அம்மாணவர் நம்பொருட்டு அடைந்த தலைகுனிவு இன்றும் நம்மை உறுத்துகின்றது.

அதன்பின்னரே நாம் மெய்யுலகத்து நாணயங்களைப் புரட்டிப் பார்த்தோம். பொன், வெள்ளி, செம்பு என்னும் மூன்று உலோகத்தாலும் காசடித்த நாடுகள் பத்துப்பத்தாகவே எண்ணின என்று நினைப்பதற்கு ஆதாரமில்லை. ரோமாபுரியில் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் ஒரு பொன் ஆரியஸுக்கு 25 வெள்ளி டினாரியஸ். ஒரு டினாரியஸுக்கு 16 செப்பு ஆஸ். ஆக ஒரு பொற்காசுக்கு 400 செப்புக்காசு. இங்கிலாந்தில் 1971 வரை ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். நம் நாட்டிலேயே 1957 வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, அதாவது 192 தம்படி. இத்தொடர் பெரிதும் பின்பற்றும் சீனத்திலோ, நெடுங்காலம் செம்பே காசாக வார்க்கப்பட்டது. வெள்ளி பெரும்பாலும் நிறுத்தே கொடுக்கப்பட்டது. ஒரு தேல் எடை வெள்ளிக்கு 1000 செப்புக்காசு என்பது மஞ்சு அரசர்களின் காலத்து விதி. ஆனால் சந்தை அவ்விதிக்கு அடங்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு தேல் வெள்ளி 2000 காசுக்கும் மேல் விற்றது. அரசாணையாலேயே நிலைநிறுத்த முடியாத விகிதத்தை, விடுதிச் சுவரில் ஒட்டிய தாளால் நாம் நிலைநிறுத்த முயன்றோம்!

அங்ஙனமாயின் இவ்வாராய்ச்சியால் ஒன்றுமே பெற இயலாதோ எனின், இயலும் என்பதே நம் கருத்து. விகிதம் தெரியாவிடினும் தெளியத்தக்கவை சில உள. நம் அட்டவணைப்படி சுருளின் விலை 20,000 செப்புக்காசு; ரோமர் கணக்குப்படி 80,000. முன்னதன்படி ஆங் கொடுக்க வந்த இரண்டு காசு விலையில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. பின்னதன்படி நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கு. எக்கணக்கைக் கொண்டாலும் அச்சுருள் கட்டாராவுக்கு எட்டாதது. ‘கையிலே காசு, வாயிலே தோசை’ என்னும் நம் பழமொழியின் மறுபக்கத்தை அச்சிறுமி அன்று கண்டாள். அவளுடைய குலத்துக்குரிய வித்தை, கொள்ளையர் கையில் அவளால் வாங்கமுடியாத சரக்காகக் கிடக்கிறது. அவள் திருடியது சரியா என்பது வேறு வினா. ஆனால் அவ்வினாவின் கனத்தை உணர்வதற்கு, பொன் செம்பினும் மிக உயர்ந்தது என்னும் ஒன்றே போதும். எத்தனை மடங்கு என்பது வேண்டுவதில்லை.

ஐரோவின் பொற்காசும் அவ்வாறே. நம் அட்டவணை மெய்யாயின், சிறிது நேர வேடிக்கைக்கு அவன் வீசியெறிந்தது 100 ஊதுகுழலின் விலை. அவன் அத்துணை ஊதாரியோ, அன்றி அவ்வூரில் பொன் அத்துணை மலிவோ, யாம் அறியோம். ஒருகாலத்தில் படை நடத்திய முதியவர் காசுக்காகத் தெருவில் ஆடுவதும், உடனிருந்த இளவரசன் அதைக் கண்டு உள்ளம் புழுங்குவதுமே அங்கே பொருள். தொடரைப் படைத்தோர் விகிதத்தைச் சொல்லாமல் விட்டது குறையன்று என நாம் கருதுவதற்கு இது ஒரு காரணம். கதை நடக்கத் தேவையான அளவுக்கு அவர்கள் விலை சொல்லியிருக்கின்றனர், அதற்குமேல் சொல்லவில்லை.

ஒரே நாணயத்தில் இரண்டு விலைகள் கிடைக்குமிடத்திலோ நாம் துணிந்து கணக்கிடலாம். இக்கதையின் தொடர்ச்சியாக 2012 முதல் 2014 வரை வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆப் கோரா’ அவ்வுலகத்தை 70 வருஷம் கழித்துக் காட்டுகின்றது. மோட்டார் வண்டியும் வானொலியும் வந்துவிட்டன. உலோகத்தின் பெயரால் வழங்கிய காசு போய், யுவான் என்னும் பெயர் வந்துவிட்டது. யுவான் என்பது வட்டம் எனப் பொருள்படும் சீனச் சொல். ஜப்பானியரின் யென், கொரியரின் வான் என்பனவும் அதன் வழிவந்தவையே. பொற்காசு என்னும்போது அதிலுள்ள பொன் நினைவுக்கு வருகிறது. யுவான் என்னும்போது கணக்கு மாத்திரமே நினைவுக்கு வருகிறது. மெய்யுலகத்துச் சீனமும் 1935-இல் தன் பணத்தை வெள்ளியினின்றும் பிரித்தது. அத்தகைய பணம் செல்லுவது அதை வெளியிடும் அரசின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கையினால்தான்.

இத்தொடரின் முதற்பகுதியில் கோரா என்னும் பெண் பட்டணத்துக்குப் புதிதாக வந்து, தெருக்கடை ஒன்றில் உள்ள பண்டங்களில் வகைக்கு ஒன்று கேட்கிறாள். விலை 20 யுவான். அவளிடம் பணமில்லை, கடைக்காரி உணவைக் கொடுக்க மறுத்துவிடுகிறாள். சில பகுதிகள் கழித்து, தாய் தந்தையற்றுத் தெருவில் வளர்ந்த மாக்கோ, போலின் என்னும் சகோதரர்கள் பந்தய விளையாட்டொன்றின் இறுதிச் சுற்றில் கலந்துகொள்ள 30,000 யுவான் கட்டவேண்டும் என்று அறிவிக்கப்படுகின்றனர். ஒரே பட்டணம், ஒரே காலம், ஒரே நாணயம். ஆதலின் வகுத்துப் பார்ப்பதில் தடையில்லை. 30,000-ஐ 20-ஆல் வகுக்க 1500 வருகின்றது. அதிலும், 20 யுவான் என்பது வகைக்கு ஒன்றாகச் சேர்த்த விலையாதலின், ஒருவர் ஒருவேளை உண்பதற்கு அதனினும் குறைவே ஆகும் என ஊகிக்கலாம். ஆகவே அவ்விளைஞரிடம் கேட்கப்பட்டது 1500 வேளை உணவுக்குக் குறையாத தொகை. இவ்வளவும் தெரிந்தபின், அண்ணன் மின்சார நிலையத்துக்கு உழைக்கச் செல்வதும், தம்பி தெருவில் வேடிக்கை காட்டிக் காசு சேர்க்க முயல்வதும், கெட்ட கூட்டத்தார் காட்டும் பணத்துக்கு அவன் மயங்குவதும் நமக்கு நன்கு விளங்குகின்றன. ஆயினும் ஒரு யுவான் பழைய செப்புக்காசில் எத்தனை என்று ஒருவர் கேட்பாராயின், நாம் வாய்மூடி இருப்பதே முறை. 70 வருஷத்தின் இருகரைக்கும் பாலமாக ஒரு விலையும் நம்மிடம் இல்லை.

‘சிறுவர் பார்க்கும் சித்திரக் கதைக்கு இத்தனை ஆராய்ச்சியா? பரீட்சைக்குப் படிக்கலாகாதா?’ என்று மூத்தோர் சிலர் கேட்பர். அவர்களுக்கு நாம் கூறுவது இது. கேட்டது இன்னது, கேட்டதிலிருந்து ஊகித்தது இன்னது, நாமாக விரும்பிச் சேர்த்தது இன்னது என்று மூன்றையும் பிரித்தறிதல் கல்வியின் தலையாய பயன்களுள் ஒன்று. அதனைப் பழகுவதற்கு, தவறினும் எவர்க்கும் பெருங்கேடு நேராத இடம் நல்ல இடமாகும். சித்திர உலகின் காசுக்கணக்கில் பொய்விகிதம் புகுத்துபவன் நாளை சோதனைச்சாலைக் குறிப்பேட்டில், அளவாத எண்ணை அளந்ததாக எழுதத் துணியமாட்டான் என்பதற்கு உறுதி என்ன? நம்மையே சான்றாகக் காட்டுகிறோம். அட்டவணை வரைந்தபோது நம் கை கூசவில்லை. சபையில் வினா எழுந்தபோதும் நம் வாய் திறக்கவில்லை. சிறிய விஷயந்தானே என்னும் எண்ணமே இரண்டுக்கும் காரணம்.

வேறு சிலரோ, ‘ஏதாவதொரு விகிதத்தை வைத்துக்கொண்டால் என்ன குறை? விளையாட்டுத்தானே?’ என்பர். வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் அதன் தலைப்பில் ‘நாம் வைத்துக்கொண்டது’ என்று எழுதிவிடவேண்டும். அந்த ஒரு தொடரை எழுதாமையே நாம் செய்த பிழை.

அப்பிழையை இவ்வருஷம் திருத்தினோம். பழைய தாளைச் சுவரினின்றும் எடுத்துவிட்டு, வேறொன்றை ஒட்டினோம். அதில் மூன்று பத்திகள்: தொடரில் கேட்டவை, அவற்றால் ஊகிக்கத்தக்கவை, நம் விருப்பங்கள். முதற் பத்தியில் எழுதக் கிடைத்தது மிகச் சிலவே. மூன்றாம் பத்தி நிரம்பி வழிகின்றது. மாணவர் நாள்தோறும் அதில் சேர்க்கின்றனர். அதில் நமக்கு மகிழ்ச்சியே. சபையில் திகைத்து நின்ற மாணவரிடம் நாம் சென்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டோம். அவர் நகைத்து, நடுப்பத்தியில் ஓரிடம் தமக்கு வேண்டும் என்றார். 1500 வேளை உணவு என்னும் கணக்கு அவர் போட்டதே.