சிறுவர் வாழ்வில் கடவுளுக்கோர் இடம்

இல்லத்திற்கு விருந்தினர் வருகின்றாரெனின் நாம் முதற்கண் செய்வது யாது? கூடத்தில் பரந்து கிடக்கும் பொருள்களை எடுத்து ஒதுக்கி, அவர் அமர்தற்கு இடம் ஒழிக்கின்றோம். இடம் ஒழியாது முகமன் மட்டும் கூறுதல் உபசாரமாகாது. கடவுளைப் பிள்ளைகளுக்கு அறிவிக்கும் வகையிலும் இவ்வுண்மை பொருந்தும். பள்ளிப்பாடம், தனிப்பாடம், பரீட்சை, விளையாட்டு, எஞ்சிய சிறு பொழுதையும் விழுங்கும் கைப்பேசி என நிறைந்து கிடக்கும் சிறுவரின் நாளிலே, சமய போதனையையும் மற்றொரு பாடமாகச் சேர்த்துவிட்டு, நம் கடமை முடிந்ததென்று அமைதியுறுகின்றோம். பாடம் சேர்ந்தது மெய். இடம் ஒழிந்ததா என்பதே வினா. இவ்வினாவிற்கு விடை தேடுவார்க்குக் குவேக்கர் என வழங்கப்பெறும் நண்பர் சபையாரின் வரலாறு பெரிதும் துணைசெய்யும் என்பது நம் கருத்து.

இச்சபை 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. 1624-ஆம் ஆண்டு லெஸ்டர் மாகாணத்திற் பிறந்த ஜார்ஜ் பாக்ஸ் என்பார், மனிதர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் கடவுளின் ஒளி உண்டென்றும், அதனை நேரே நாடலாம் என்றும் போதித்தார். அவர் 1652-ஆம் ஆண்டு பெண்டில் என்னும் குன்றின்மீதேறித் தரிசனம் பெற்றபின், வடஇங்கிலாந்தில் அவர் கொள்கை விரைந்து பரவிற்று. இவர்தம் தொன்றுதொட்ட ஆராதனையில் பிரசங்க பீடம் இல்லை. வகுத்த ஒழுங்கும் இல்லை. அனைவரும் மௌனமாய் அமர்ந்திருப்பர். உள்ளத்தில் ஏவுதல் பெற்றவர், ஆணாயினும் பெண்ணாயினும், எழுந்து சில சொற்கள் கூறி அமர்வர். முடிவில் ஒருவரோடொருவர் கைகுலுக்கிப் பிரிவர். இக்காலத்தில் இச்சபையார் மிகுந்து வாழும் கென்யா நாட்டில், பாட்டும் பிரசங்கமும் அமைந்த ஆராதனையே பெருவழக்கு. நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது மௌன ஆராதனையைப் போற்றும் பிரிவினரையே.

ஒளி எல்லாரிடத்தும் உண்டெனின், குழந்தையிடத்தும் உண்டென்பது தானே பெறப்படும். இக்கொள்கை வெறுஞ்சொல் அன்றென்பதற்குப் பிரிஸ்டல் நகரத்துச் சிறுவர் சான்றாவர். அக்காலத்துச் சட்டம், ஒரு குடும்பத்தார் நீங்கலாகப் பதினாறு வயது நிரம்பியோர் ஐவர் கூடி, அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பாக ஆராதித்தலைக் குற்றமென விலக்கிற்று. 1682-ஆம் ஆண்டு அந்நகரத்தில் நண்பர் சபையின் பெரியோர் பலர் சிறையிலடைக்கப்பட்டனர். ஆராதனை நின்றுபோகும் என்று அதிகாரிகள் எண்ணினர். அது நிற்கவில்லை. சட்டத்தின் வயதெல்லைக்கு உட்படாத பிள்ளைகள் தாமே குறித்த வேளையிற் கூடி, மௌனமாய் அமர்ந்து ஆராதனையை நடத்தினர், அடியுண்டும் அஞ்சினாரல்லர். தந்தையும் தாயும் அருகிலில்லாதபோதும் நிலைத்த பக்தி, மனப்பாடத்தால் மட்டும் வந்திருக்குமோ? பெரியோர் தமக்குரியதாகப் போற்றிய மௌனத்தில், பிள்ளைகளுக்கும் உரிமை உண்டாயிருந்தமையே அதற்குக் காரணம் என்போம்.

எனினும் பிள்ளைகளை மௌனமாய் உட்காரவைத்த அளவானே கடவுளுக்கு இடம் உண்டாகிவிட்டதென்று கருதுதல் பெரும் பிழை. இதற்கும் அச்சபையின் வரலாறே சான்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நாரிச் நகரை அடுத்த ஏர்ல்ஹாம் மாளிகையில் வாழ்ந்த கர்னி குடும்பத்துப் பெண்மக்கள், வாரந்தோறும் நெடும்பொழுது ஆராதனையில் அமர்ந்தும் அதனை வெறுத்தனர்; அவ்வெறுப்பைத் தம் நாட்குறிப்புகளில் ஒளியாது எழுதியும் வைத்தனர். அவருள் ஒருத்தி எலிசபெத்து. 1798-ஆம் ஆண்டு, பதினேழு வயதினளாய், செந்நிறக் கயிறு கோத்த ஊதாநிறக் காலணிகளோடு கூட்டத்தில் வந்தமர்ந்த அவள், அமெரிக்கரான வில்லியம் சேவரி என்பாரின் மொழிகளைக் கேட்டு உள்ளம் உருகினாள். அவளே பிற்காலத்தில் எலிசபெத்து பிரை எனப் புகழ்பெற்று, 1813-ஆம் ஆண்டு இலண்டன் நியூகேட் சிறையினுட் புகுந்து, ஆங்குத் துன்புற்ற பெண்களுக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் தொண்டாற்றிய பெருமாட்டியார். ஆண்டுக்கணக்காக உடல் அசையாது அமர்ந்த காலத்தில் திறவாத உள்ளம், ஒருநாள் திறந்தது. அந்நாளை நாம் குறிக்க இயலாது. பலவந்தத்தால் விரைவுபடுத்தவும் இயலாது. மௌனம் தண்டனையாகுமிடத்து, பிள்ளையின் உடல் அமைதியாயிருக்கும்; உள்ளமோ வாயிலைத் தாழிட்டுக்கொள்ளும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? அமெரிக்காவின் மெயின் மாகாணத்தில், சவுத் சைனா என்னும் சிற்றூரில் 1863-ஆம் ஆண்டு பிறந்து, பின்னர் ஹேவர்போர்டு கல்லூரியில் நெடுங்காலம் தத்துவம் கற்பித்த ரூபஸ் ஜோன்ஸ் என்பார், தம் இளமைக்கால இல்லத்தைப் பற்றி எழுதியுள்ளார். நாள்தோறும் குடும்பத்தார் ஒருங்கு கூடுவர். அன்னையார் திருமறையில் ஓர் அதிகாரம் வாசிப்பார். பின்னர் அனைவரும் மௌனமாயிருப்பர். வேலை மிகுந்த வேளாண் குடும்பம் அது. எனினும் வேலையைக் காரணங்காட்டி அப்பொழுதை எவரும் கைவிட்டாரல்லர். மௌனத்தின் பொருள் விளங்காத வயதிலேயே, பெரியோர் அதனை மெய்யாகக் கொண்டிருந்தமை தமக்குப் புலப்பட்டதென்று அவர் கூறுகின்றார். நம் கருத்தின் உயிர்நிலை இதுவே. பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்பதினும் நம் பொழுதை நோக்குகின்றனர். நாம் எதற்காக வேலையை நிறுத்துகின்றோமோ, அதுவே மதிப்புடையதென்று அறிகின்றனர்.

இக்காலத்து நண்பர் சபையாரிடை வழங்கும் முறைகளும் எளியவை. ஆராதனையில் பிள்ளைகள் பெரியோருடன் பத்து அல்லது பதினைந்து நிமிடமே அமர்ந்திருந்து, பின் தமக்கென அமைந்த அறைக்குச் சென்று, கதையாலும் சித்திரத்தாலும் உரையாடலாலும் கற்பர். உணவிற்கு முன் வீட்டார் சிறிதுபொழுது மௌனமாயிருத்தல் உண்டு. நோயுற்றோரையும் துயருற்றோரையும் மனத்தில் நிறுத்திக் கடவுளின் ஒளியில் ஏந்துதல் என்பதும் அவர்தம் வழக்கு. நீண்ட ஜெபம் சொல்ல அறியாத சிறு குழந்தையும் இதனைச் செய்யக்கூடும். மேலும், தம் ஒழுக்கத்தை ஆராய்தற்குக் கட்டளைகளினும் வினாக்களையே இச்சபையார் பெரிதும் கையாளுகின்றனர். இரவில் உறங்குமுன், இன்று உன் மனம் எப்பொழுது அமைதியுற்றது, யாருக்கு நீ அன்பு காட்டினாய், யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பிள்ளையைக் கேட்டு, விடையை நாமே சொல்லிக்கொடாது காத்திருப்போமாயின், அந்நாளிற் கடவுளுக்கு ஓர் இடம் உண்டாகிவிடும்.

கற்பியாது மௌனத்தில் விட்டால் பிள்ளையின் உள்ளம் வெறுமையாகாதோ என்று சிலர் ஐயுறுவர். ஐயம் நேரியதே. ஆயின் ரூபஸ் ஜோன்ஸ் வளர்ந்த வீட்டில் வாசிப்பும் இருந்தது, மௌனமும் இருந்தது. விதையின்றி நிலம் பயன்படாது. இடைவெளியின்றி நெருக்கி நட்ட நாற்றும் தழைக்காது. ஓடியாடும் குழந்தைக்கு மௌனம் ஒவ்வாது என்பார் வேறு சிலர். எறும்பின் வரிசையை நோக்கி ஒரு நாழிகை அசையாதிருக்கும் குழந்தையை அவர் கண்டதில்லை போலும். குழந்தைக்கு மௌனம் இயல்பே. நாம் விதிக்கும் மௌனமே அதற்குச் சுமையாகின்றது.

நம் தமிழ்மொழியில் 'சும்மா இரு' என்பது குறும்பு செய்யும் பிள்ளையை அதட்டும் சொல். ஞானியர் தம் உயர்ந்த நிலையைக் குறித்தற்கு ஆண்டதும் அச்சொல்லே. முன்னதைப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொல்லுகின்றோம். பின்னதை நாம் ஒருபொழுதும் செய்து காட்டுவதில்லை. ஆலயத்தில் உறங்கிய சாமுவேல் என்னும் சிறுவன், தன்னை அழைத்த குரல் ஏலியின் குரலென்றெண்ணி மும்முறை அவரிடம் ஓடினான். அம்முதியவர் அக்குரலைக் கேட்டாரல்லர்; எனினும் அழைப்பவர் ஆண்டவரே என்றுணர்ந்து, திரும்பிச் சென்று படுத்துச் செவிகொடுக்குமாறு அவனை அனுப்பினார். பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பணி அவ்வளவே. குரல் நம்முடையதன்று, அது கேட்கும் அமைதியைக் காத்தலே நம்முடையது.

இக்கல்லூரியில் இன்று பயில்வோருட் பலர் நாளை பெற்றோராகவும் ஆசிரியராகவும் விளங்குவர். அவர் தம் பிள்ளைகளுக்கு இடம் ஒழிக்க விரும்புவாராயின், இன்றே தம் நாளிற் பத்து நிமிடம் ஒழித்துப் பழகுவாராக. தமக்கில்லாத அமைதியை எவரும் பிறர்க்கு ஈதல் இயலாதன்றோ!