கரி எரிந்த இடத்தில் கோடீசுவரர் வீடு!
லண்டன் மின்சார நிலையம் மாளிகை ஆன கதை

ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு ராட்சதப் புகைப்போக்கி. அப்படி ஒரு வீட்டை நீங்கள் வாங்குவீர்களா?

"இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்" என்பீர்கள். துவைத்துக் காயப் போட்ட துணி எல்லாம் கரியாகிவிடுமே என்று வீட்டில் உள்ளவர்களும் சொல்வார்கள்.

ஆனால் லண்டன் நகரத்தில் அப்படிப்பட்ட வீடுகளைப் பணக்காரர்கள் கோடிக் கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒன்றல்ல, நான்கு புகைப்போக்கிகள் அங்கே நிற்கின்றன. அவற்றிலிருந்து இப்போது புகை வருவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கட்டிடத்தின் பெயர் பாட்டர்சி மின்சார நிலையம். தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கிறது. கட்டிடத்துக்குள் 254 ஆடம்பர வீடுகள். 2021ஆம் ஆண்டில் முதல் குடும்பங்கள் குடிவந்தன. 2022 அக்டோபரில் கட்டிடம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

பாழடைந்து கிடந்த கட்டிடம் பிழைத்தது. நல்ல செய்திதான். ஆனால் அதற்கு விலை கொடுத்தது யார்? இன்று நாம் பார்க்கப் போவது அதைத்தான்.

60 லட்சம் செங்கல்!

லண்டன் மாநகரம் விளக்கு எரிக்கவும் ரயில் ஓட்டவும் மின்சாரம் கேட்டது. 1929ல் கட்டிட வேலை ஆரம்பமாயிற்று. 1933ல் மின்சாரம் வர ஆரம்பித்தது. முதலில் பாதிக் கட்டிடம்தான் கட்டினார்கள். பின்னர் மறு பாதியும் எழுந்தது. நான்காவது புகைப்போக்கி 1955ல் முடிந்தது.

கட்டிடத்தின் வெளித்தோற்றத்தை அமைத்தவர் சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டன் தெருக்களில் நிற்கும் சிவப்பு நிற டெலிபோன் கூண்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்கு உருவம் கொடுத்தவரும் இவர்தான்.

சுமார் 60 லட்சம் செங்கற்கள் செலவாயின. ஐரோப்பாவில் உள்ள மிகப் பெரிய செங்கல் கட்டிடங்களில் இதுவும் ஒன்று. லண்டனுக்குத் தேவையான மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு காலத்தில் இந்த ஒரே நிலையம் கொடுத்தது.

1964 ஏப்ரல் 20ந் தேதி இங்கே தீப்பிடித்தது. லண்டனில் பல இடங்கள் இருண்டன. பி.பி.சி.யின் இரண்டாவது டெலிவிஷன் நிலையத்துக்கு அன்று இரவுதான் திறப்பு விழா. விழாவே நின்றுபோய் மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. ஊர் எந்த அளவுக்கு இதை நம்பி இருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆற்றுக்கு அடியில் வெந்நீர்

இந்த நிலையம் மின்சாரம் மட்டுமா கொடுத்தது? இல்லை. வெந்நீரும் கொடுத்தது!

கரியை எரித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் யந்திரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுப்பார்கள். வேலை முடிந்த பிறகும் சூடு மிச்சம் இருக்கும். அதை வீணாக்க வேண்டாம் என்று பொறியியல் நிபுணர்கள் யோசித்தார்கள்.

ஆற்றின் எதிர்க்கரையில், யுத்தத்தின்போது குண்டு விழுந்த பகுதியில், நகரசபை புதிய வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தது. சர்ச்சில் கார்டன்ஸ் என்று பெயர். சுமார் 1,600 வீடுகள். குடியிருக்க வந்தவர்கள் வாடகை கொடுத்து வாழும் சாதாரண ஜனங்கள்.

மின்சார நிலையத்தில் மிச்சமான சூட்டை தேம்ஸ் நதிக்கு அடியில் குழாய் வழியாக அந்த வீடுகளுக்கு அனுப்பினார்கள். குளிர் காலத்தில் வீடு கதகதப்பாக இருந்தது. குழாயைத் திருகினால் வெந்நீர் வந்தது. லண்டன் குளிரில் அதுதான் பாக்கியம்.

1948ல் மின்சாரத் தொழில் அங்கே நாட்டுடைமை ஆயிற்று. ஆகவே இந்த நிலையமும் பொதுச் சொத்து ஆயிற்று.

கூரை போயிற்று

யந்திரம் கிழடாயிற்று. 1975ல் முதல் பாதியை மூடினார்கள். 1983ல் மறு பாதியும் நின்றது. அதற்கு முன்பே, 1980ல், இது இடிக்கக் கூடாத சரித்திரக் கட்டிடம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது.

இடிக்கவும் முடியாது. ஓட்டவும் முடியாது. என்ன செய்வது?

1987ல் ஒரு கேளிக்கைப் பூங்கா முதலாளி 15 லட்சம் பவுனுக்கு இதை வாங்கினார். (பவுன் என்றால் தங்கப் பவுன் அல்ல. இங்கிலாந்து நாணயம். ஒரு பவுன் நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல்.) ராட்டினமும் விளையாட்டும் வைக்கப் போவதாகச் சொன்னார். பழைய யந்திரங்களை வெளியே எடுப்பதற்காகக் கூரையைப் பிரித்தார்கள். 1989ல் பணம் தீர்ந்தது. வேலை நின்றது.

கூரை போன கட்டிடத்தில் மழையும் பனியும் இறங்கின. இரும்பு துருப்பிடித்தது. சொந்தக்காரர்கள் மாறி மாறி வந்தார்கள். ஒவ்வொருவரும் அழகான படம் போட்டுக் காட்டினார்கள். கட்டிடம் மட்டும் எழும்பவில்லை.

மலேசியாவிலிருந்து வந்த பணம்

2012ல் 40 கோடி பவுன் கொடுத்து வாங்க ஒரு கூட்டு வந்தது. நம் பணத்தில் 4,000 கோடி ரூபாய்க்கு மேல். வந்தவர்கள் மலேசியாக்காரர்கள்!

கூட்டில் மூன்று பேர். எஸ்.பி. செத்தியா கம்பெனிக்கு நூற்றுக்கு 40 பங்கு. சைம் டார்பிக்கு 40 பங்கு. மீதி 20 பங்கு மலேசிய ஊழியர் சேமநிதி வாரியத்துக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஊழியர் சேமநிதி என்பது என்ன? மாதா மாதம் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்து, முதலாளியின் பங்கையும் சேர்த்து, முதுமைக் காலத்துக்கு வைக்கும் பணம். மலேசியாவில் இது 1951ல் ஏற்பட்டது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருடைய சம்பளத்திலிருந்தும் பிடித்த பணம் அதில் இருக்கிறது.

சைம் டார்பியும் நமக்குப் புதிய பெயர் அல்ல. 1910ல் மலாக்காவில் ரப்பர்த் தோட்டத் தொழிலுக்காகப் பிறந்த கம்பெனி அது. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் மிகப் பலர் தமிழ் நாட்டிலிருந்து போனவர்கள்.

ஆகவே லண்டன் கோடீசுவரரின் மாளிகையில், எங்கோ ஒரு மூலையில், கிள்ளானிலோ ஈப்போவிலோ இருக்கும் ஒரு தமிழ்த் தொழிலாளியின் சேமிப்பும் ஒரு செங்கல்லாக இருக்கிறது. 2018ல் இந்தச் சேமநிதி வாரியமும் மற்றொரு மலேசிய நிதி நிறுவனமும் சேர்ந்து, கட்டிடத்தின் கடை, ஆபீஸ் பகுதிகளைச் சுமார் 160 கோடி பவுனுக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன.

உள்ளே எப்படி இருக்கிறது?

வேலை சுத்தமாக நடந்திருக்கிறது. அதில் சந்தேகம் இல்லை.

நான்கு புகைப்போக்கிகளும் உள்ளே அரித்துப்போயிருந்தன. அவற்றை இறக்கிவிட்டு, பழைய அளவிலேயே, பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டினார்கள். பழைய செங்கல்லுக்கு நிறமும் அளவும் ஒத்துப்போகும்படி லட்சக்கணக்கில் புதுச் செங்கல் செய்வித்தார்கள்.

வீடுகளுக்குள் பழைய செங்கல் சுவரையும் இரும்புத் தூணையும் பூசி மறைக்காமல் அப்படியே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். உயரமான ஜன்னல்கள். மொட்டை மாடியில், ஐம்பது மீட்டர் உயரத்தில், மரம் செடி கொடிகளோடு தோட்டம். அதை ஒட்டியும் வீடுகள் உண்டு. சிறிய வீட்டின் விலையே பல லட்சம் பவுன். பெரியவை பத்து லட்சம் பவுனை எப்போதோ தாண்டிவிட்டன.

யந்திரம் சுழன்ற கூடங்களில் இப்போது கடைகள். கொதிகலன் இருந்த இடத்தில் ஆப்பிள் கம்பெனியின் ஆபீஸ். ஸ்விட்சுகளும் மீட்டர்களும் நிறைந்த பழைய கண்ட்ரோல் அறை ஒன்றில் இன்று மது விடுதி நடக்கிறது! ஒரு புகைப்போக்கிக்குள் கண்ணாடி லிப்ட் வைத்து, டிக்கெட் வாங்கினால் 109 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் ஊரைக் காட்டுகிறார்கள். 2021 செப்டம்பரில் வாசலுக்கே பாதாள ரயிலும் வந்துவிட்டது.

கடைக்கும் கூடத்துக்கும் யாரும் போகலாம். பார்க்கக் காசு வேண்டியதில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

250 வீடுகள் எங்கே?

மின்சார நிலையத்தைச் சுற்றி 42 ஏக்கர் நிலம் இருக்கிறது. மொத்தம் நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டம். அதில் 636 வீடுகளைச் சாதாரணக் குடும்பங்கள் தாங்கக்கூடிய வாடகையில், விலையில் கொடுப்பதாக ஏற்பாடு. அதுவும் மின்சார நிலையத்துக்குள் அல்ல. சற்றுத் தள்ளி, வேறு இடத்தில்.

2017ல் கட்டிடக்காரர்கள் நகரசபைக்கு வந்தார்கள். "செலவு கூடிவிட்டது, லாபம் குறைந்துவிட்டது. 636 முடியாது, 386 வீடுகள்தான் முடியும்" என்றார்கள். வாண்ட்ஸ்வொர்த் நகரசபை சம்மதித்தது.

குறைந்தது எத்தனை? 250 வீடுகள். புகைப்போக்கிகளின் அடியில் இருக்கும் ஆடம்பர வீடுகள் எத்தனை? 254. இரண்டு கணக்கும் வேறு வேறுதான். இருந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனம் உறுத்துகிறது.

கம்பெனிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முப்பது வருஷம் பாழாய்க் கிடந்த கட்டிடம் இது. விலை உயர்ந்த வீடுகளை விற்றிராவிட்டால் புகைப்போக்கி கட்டப் பணம் ஏது? கட்டிடமே விழுந்திருந்தால் யாருக்கு என்ன லாபம்?

சேமநிதி வாரியத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. அது தர்ம ஸ்தாபனம் அல்ல. ஏழைத் தொழிலாளியின் காசை அது பெருக்கிக் கொடுக்க வேண்டும். லண்டன் ஏழைக்கு இரக்கப்பட்டு மலேசியத் தொழிலாளியின் பணத்தை நஷ்டப்படுத்த அதற்கு உரிமை கிடையாது.

சிக்கல் எங்கே என்று தெரிகிறதா? ஒரு நாட்டுத் தொழிலாளியின் சேமிப்பு ஒரு பக்கம். இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் வீடு மறு பக்கம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தது இல்லை. இவர்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியவர்கள் நகரசபைக்காரர்கள்.

அங்கேதான் தவறு நேர்ந்தது என்பது நம் அபிப்பிராயம். லாபம் வந்தால் வீடு கொடுப்போம் என்று ஒப்பந்தம் எழுதினால், லாபம் குறைந்ததும் முதலில் வெட்டு விழுவது ஏழையின் பங்கில்தான். செங்கல்லைக் குறைக்க முடியாது. சரித்திரச் சட்டம் விடாது. புகைப்போக்கியைக் குறைக்க முடியாது. ஆடம்பர வீட்டைக் குறைத்தால் வரவு போய்விடும். கேட்பதற்கு நாதியில்லாத கணக்கு ஒன்றே ஒன்றுதான். அதில் கை வைத்தார்கள்.

கட்டிடத்தைக் காக்கச் சட்டம் இருந்தது. ஆகவே கட்டிடம் பிழைத்தது. எளியவர் வீட்டைக் காக்கவும் அதே மாதிரி உறுதியான நிபந்தனை வேண்டும். "சாதாரண ஜனங்களின் வீடுகளை முதலில் கட்டி முடி. பிறகு கோடீசுவரர் வீட்டுச் சாவியைக் கொடு" என்று முதல் நாளே எழுதியிருந்தால் விலை பேசும்போதே அதையும் கணக்கில் சேர்த்திருப்பார்கள். பிற்பாடு வந்து குறை சொல்லியிருக்க முடியாது.

எதிர்க்கரையில் சர்ச்சில் கார்டன்ஸ் வீடுகள் இன்றும் இருக்கின்றன. பாட்டர்சியிலிருந்து சூடு வருவது 1983ல் நின்றுபோயிற்று. தங்கள் கரையிலேயே வேறு கொதிகலன் வைத்து வெந்நீர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஜன்னல்களிலிருந்து பார்த்தால் இரவு நேரத்தில் பழைய மின்சார நிலையம் ஜகஜோதியாகத் தெரியும்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த வெளிச்சம் ஆற்றைக் கடந்து வீட்டுக்குள் வந்தது. இப்போது அக்கரையிலேயே நிற்கிறது.