அறிக்கை வரவில்லை!

துவக்கு உத்தரவைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் சிலர் இருக்கக்கூடும். நிலவையும் தென்றலையும் பாடுவதே இலக்கியப் பணி எனக் கருதும் அன்பர்களோடு நமக்கு இங்கே வழக்கில்லை. ஆயின் மக்களின் உறக்கத்தைக் கெடுப்பது எதுவோ அது எழுத்தாளனின் உறக்கத்தையும் கெடுத்தல் வேண்டும் என்பது நமது கொள்கை. காரைதீவுக்கு மேற்கே மாவடிப்பள்ளி, சம்மாந்துறை என்று விரிந்து கிடக்கும் வயல்வெளிகளில் இன்று விவசாயியின் உறக்கத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, இரவில் தேடி வரும் யானையும் பன்றியும். மற்றொன்று, பகலில் தேடிச் சென்றும் கிட்டாத பொலிஸ் அறிக்கை.

அந்த அறிக்கை யாதென்பதை முதலிற் கூறுவோம். இந்நாட்டில் துவக்கு வைத்திருப்பதை ஆளுவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம். இதன் தண்டனைகளை 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச்சட்டம் கடுமையாக்கியது. தன் உயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வேண்டுவோர் பாதுகாப்பு அமைச்சை நாடுதல் வேண்டும். பயிர்க் காவலுக்கு வேண்டுவோர் மாவட்டச் செயலாளரிடம், அதாவது கச்சேரியில், உத்தரவு பெறுதல் வேண்டும். பயிர் செய்யும் நிலத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். கிராம உத்தியோகத்தர் எழுத வேண்டும். பிரதேச செயலகம் சிபாரிசு செய்ய வேண்டும். இவை யாவும் கிடைத்த பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கும். விண்ணப்பதாரர் எத்தகையவர், அவர் கையில் ஆயுதம் கொடுக்கலாமா என்று அவ்வூர்ப் பொலிஸ் நிலையம் எழுதும் அறிக்கையே அது. அது வந்தால் கோவை நகரும். வராவிட்டால் நகராது.

நாம் அறிந்த விவசாயி ஒருவர் இந்த அறிக்கையைத் தேடி அலைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். நான்கு ஏக்கர் வயற்காரர். நீதிமன்றப் படி ஏறாதவர். விண்ணப்பம் நிரப்பித் தரும்படி நம்மிடம் வந்தார்; நிரப்பிக் கொடுத்தோம். பொலிஸ் நிலையத்துக்கு முதன்முறை சென்றபோது பொறுப்பதிகாரி வெளியே போயிருந்தார். இரண்டாம் முறை, இதைக் கவனிக்கும் உத்தியோகத்தர் விடுமுறையில் இருந்தார். மூன்றாம் முறை ஒரு வாக்குமூலம் எழுதினார்கள். அவர் தமிழிற் சொன்னார், அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள், அவர் கையொப்பமிட்டார். என்ன எழுதினார்கள் என்று நாம் கேட்டோம். "நான் சொன்னதைத்தான் எழுதியிருப்பாங்க வாத்தியார்" என்றார். நான்காம் முறை, கோவை மேலே போய்விட்டது என்றார்கள். கச்சேரியிலோ, "பொலிஸ் அறிக்கை வரவில்லை" என்றார்கள். பெரும்போக அறுவடை முடிந்தது, அடுத்த சிறுபோகமும் முடிந்தது, அறிக்கை வரவில்லை. மறுக்கப்பட்டதா என்று கேட்டால், இல்லை. ஏற்கப்பட்டதா என்று கேட்டால், அதுவும் இல்லை. மறுப்பென்றால் எதிர்த்து முறையிடலாம். மௌனத்தை எதிர்த்து எங்கே முறையிடுவது?

இந்த ஒரு மனிதரின் அலைச்சலில் நாட்டின் முழு நோயும் தெரிகின்றது. நோயின் முதற்கூறு மொழி. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தையும், 1958இன் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தையும், அதன் ஒழுங்குவிதிகள் 1966 வரை காத்துக் கிடந்ததையும் நம் வாசகர் அறிவர். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. மறு ஆண்டின் பதினாறாம் திருத்தம் நிருவாகத்தில் அதன் இடத்தை வகுத்தது. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் இருமொழி அறிந்த உத்தியோகத்தர் இருபத்து நான்கு மணி நேரமும் இருத்தல் வேண்டும், முறையிடுவோர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதிவுசெய்யும் உரிமை பெறுதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சட்டம் உண்டு, பரிந்துரையும் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏறத்தாழ அறுவர் தமிழ் பேசுவோர். இருந்தும், தனது நன்னடத்தையைப் பற்றி எழுதப்பட்ட தாளைத் தானே வாசிக்க முடியாதவராய் அந்த விவசாயி கையொப்பமிடுகின்றார். துவக்கு அவர் கையில் இருக்கத் தகுமா என்பதைத் தீர்மானிக்கும் எழுத்து, அவர் கண்ணுக்குக் குருட்டெழுத்து!

நோயின் இரண்டாம் கூறு, சட்டம் பிறந்த காலத்தோடு வந்தது. 1915இல் இந்நாட்டில் சிங்கள-முஸ்லிம் கலவரம் மூண்டது. ஆங்கில ஆட்சி இராணுவச் சட்டம் பிறப்பித்தது. மறு ஆண்டில் வந்தது இக்கட்டளைச்சட்டம். இந்தியாவில் 1878இல் லிட்டன் பிரபுவின் ஆட்சி ஆயுதச் சட்டத்தை இயற்றியபோது இந்தியனுக்கு உத்தரவு வேண்டும் என்றது, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. சுதேசமொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டில் அதே கையாற் பிறந்ததென்பதை மறத்தலாகாது. குடிமகனை ஐயத்துக்குரியவனாகவும் உத்தியோகத்தனைக் கருணை வள்ளலாகவும் கொள்வது குடியேற்ற ஆட்சியின் மனப்பாங்கு. துரை போய்விட்டார், அவருடைய மேசை போகவில்லை.

இந்தியர் அந்த மேசையைச் சற்றேனும் அசைத்தனர். 1959இல் அவர்கள் இயற்றிய ஆயுதச் சட்டம், அயலிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் அறிக்கையைக் கேட்கச் சொல்கின்றது; அது விதிக்கப்பட்ட காலத்துள் வந்து சேர வேண்டும் என்றும் சொல்கின்றது. காலங் கடந்தும் வராவிட்டால், மேலும் காத்திராமலே தீர்மானம் செய்ய உத்தரவளிக்கும் அதிகாரிக்கு இடமுண்டு. மறுப்பாராயின் காரணத்தை எழுதிவைத்தல் வேண்டும், கேட்பவருக்கு அதைச் சுருக்கமாகத் தருதல் வேண்டும், மேன்முறையீட்டுக்கும் வழியுண்டு. 2016இன் ஆயுத விதிகள் பொலிஸ் அறிக்கைக்கு முப்பது நாட் தவணை வைத்தன. அங்கே யாவும் ஒழுங்காக நடைபெறுகின்றன என்று நாம் சொல்லவில்லை. ஊழலும் தாமதமும் அங்கும் உண்டு. ஆயினும் பொலிசாரின் மௌனம் தீர்ப்பாகிவிடக் கூடாதென்று சட்டமே சொல்லிவிட்டது. நமது விவசாயிக்கு அந்தச் சிறு துணையும் இல்லை.

"துவக்கை இலேசாகக் கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இல்லை என்பதே நமது விடை. இந்தக் கரையில் துவக்கு என்ன செய்ததென்பதை நாம் ஏட்டிற் படித்து அறிந்தவர்களல்லர். 1985 ஏப்ரலில் நமது ஊரும் அயலூர்களும் ஒன்றையொன்று அஞ்சி நடுங்கிய நாட்களை மூத்தோர் மறக்கவில்லை. 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களிற் சரணடைந்த பல நூறு பொலிசாரைப் புலிகள் கொன்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்தவர்களையும் கொன்றனர். விண்ணப்பத்தைக் கூர்ந்து பார்க்கும் பொலிஸ்காரருக்கு அதற்கான நியாயம் உண்டு. இங்கிலாந்தின் பிளிமத் நகரில், அடிதடிக் குற்றத்தின் பொருட்டுப் பறிக்கப்பட்ட துப்பாக்கியைப் பொலிசார் 2021 ஜூலையில் ஓர் இளைஞனிடம் திருப்பிக் கொடுத்தனர். அடுத்த மாதமே அவன் அதைக் கொண்டு ஐவரைச் சுட்டுக் கொன்றான். அவர்களுள் ஒருத்தி மூன்று வயதுக் குழந்தை. தக்கபடி விசாரியாது கொடுத்த பொலிசாரின் தவறே அந்த உயிர்களைக் குடித்ததென்று மரண விசாரணை 2023இல் கண்டது.

ஆகவே விசாரணை வேண்டும். கடுமையான விசாரணையே வேண்டும். ஆனால் தாமதம் விசாரணை ஆகாது. மேசையில் உறங்கும் கோவை எவரையும் விசாரிப்பதில்லை. பிளிமத்தில் விசாரியாமற் கொடுத்தார்கள். இங்கே விசாரியாமல் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். எச்சரிக்கையே இங்குள்ள தாமதத்துக்குக் காரணம் என்று நம்மை நம்பச் சொல்வாராயின், 2019ஐ நினைவூட்டுவோம். உயிர்த்த ஞாயிற்றுத் தாக்குதல் நடந்த ஐந்தாம் நாள், நமது அயலூராகிய சாய்ந்தமருதில் வெடித்த குண்டின் ஓசையை நாம் கேட்டோம். முன்னெச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதியும் அந்நாளைய பொலிஸ்மா அதிபரும் உள்ளிட்டோர் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆபத்து வாசலில் நின்றபோது உறங்கிய எச்சரிக்கை, நான்கு ஏக்கர் விவசாயியின் விண்ணப்பத்தைக் கண்டதும் விழித்துக்கொள்கிறதாம்!

உண்மையில் அரசு விரும்பியபோது துவக்கு விரைந்தே வந்திருக்கின்றது. போர்க்காலத்தில் சிங்கள, முஸ்லிம் எல்லைக் கிராமங்களில் ஊர்காவற் படையினர் கையில் துவக்குகள் கொடுக்கப்பட்டன. அன்று எந்தக் கோவை எத்தனை போகம் காத்திருந்தது? செல்வாக்குள்ளோர் இடுப்பில் கைத்துப்பாக்கி ஏறியதும் இப்படித்தான். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாகக் கையளிக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்கவேண்டி வந்தது. கொடுத்தபோது தகுதி நன்கு பார்க்கப்பட்டிருந்தால் மீண்டும் பார்க்க என்ன தேவை? 2025 பெப்ரவரியில் கொழும்பு நீதிமன்றத்துள்ளேயே ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தக் கைத்துப்பாக்கி ஒரு சட்டப்புத்தகத்தின் வயிற்றுக்குள் ஒளித்துக் கொண்டுவரப்பட்டது. அது எந்தப் பொலிஸ் நிலையத்தில் அறிக்கைக்காகக் காத்துக் கிடந்தது? சட்டத்தை மதித்துப் படியேறுபவனே காத்திருக்கின்றான். மதியாதவனுக்குக் காத்திருப்பில்லை.

இதனால் விளைவது யாது? உத்தரவுள்ள துவக்கு கிடைக்காத இடத்தில் உத்தரவில்லாத துவக்கு பிறக்கின்றது. பட்டறைக் குழாயிற் செய்த நாட்டுத் துவக்கும், பன்றித் தடத்தில் கம்பி இழுத்துக் கட்டிய கட்டுத்துவக்கும் வருகின்றன. கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. பன்றியின் காலுக்கும் மனிதனின் காலுக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. அதிற் காலிழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் இந்நாட்டு ஏழை விவசாயிகளே. அப்போது மட்டும் பொலிசார் விரைந்து வருவர்; அன்றே அறிக்கை எழுதுவர்.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. உத்தரவு கேட்க நிலம் காட்ட வேண்டும். ஆனால் இரவில் வயல் வாடியிற் குந்தியிருப்பவர் யார்? நிலமுடைய போடியார் அல்லர். கூலிக்குக் காவல் காக்கும் முல்லைக்காரர். நிலமில்லாத அவருக்குக் கேட்கும் தகுதியே இல்லை. துவக்கு போடியார் வீட்டு அலுமாரியில். யானை முல்லைக்காரரின் வாடி வாசலில். அவர் கையில் ஒரு தீப்பந்தமும் யானை வெடியுமே உண்டு. பொலிஸ் அறிக்கையின் தாமதம் நிலமுள்ளவருக்குத் தொல்லை. நிலமற்றவரைப் பற்றியோ அறிக்கையே எழுதப்படுவதில்லை. வர்க்கம் எங்கே இருக்கிறதென்று கேட்போர் அந்த வாடிக்கு ஒரிரவு வந்து பார்க்கலாம்.

துவக்கு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் மயங்கவில்லை. யானையைக் கொல்லச் சட்டம் இடந்தராது, தரவுங் கூடாது. 2019இல் மட்டும் இந்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலில் மடிந்தனர். காட்டை வெட்டி, யானையின் தடத்தை மறித்து, ஒலுவில் பள்ளக்காட்டிற் குப்பையைக் கொட்டி அதனை அவ்விலங்கின் உணவாக்கியவர் யாவர்? அந்தக் கணக்கும் ஒருநாள் தீர்க்கப்பட வேண்டியதே. பன்றியைத் துரத்தவும், வெடியோசையால் மந்தையைத் திருப்பவும், தனியே நிற்பவனுக்கு நெஞ்சுரம் தரவுமே விவசாயி துவக்கைக் கேட்கின்றார். 2025 மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணிக்கு, நாடு முழுவதும் குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் ஐந்து நிமிடத்தில் எண்ணச் சொன்னது அரசு. குரங்கை எண்ண ஐந்து நிமிடம் போதுமென்றால், ஒரு மனிதனின் நடத்தையை எழுத இரண்டு போகம் ஏன்?

நாம் கேட்பது சலுகை அன்று. வாக்குமூலம் சொல்பவரின் மொழியில் எழுதப்பட்டு அவருக்கு வாசித்துக் காட்டப்படுக. அறிக்கைக்குத் தவணை சட்டத்திலேயே வைக்கப்படுக. மறுப்பானால் காரணம் எழுத்தில் தரப்படுக. விவசாயிக்கு வைக்கும் அதே தராசு அமைச்சரின் நண்பருக்கும் வைக்கப்படுக. மாகாணங்களுக்கென 1987இல் எழுதப்பட்ட பொலிஸ் அதிகாரம் இன்றுவரை மாகாணத்துக்கு வராதது ஏன் என்ற கேள்வியும் இதனோடு சேர்த்தே கேட்கப்படுக.

அதுவரை நம் கையில் ஆயுதமே இல்லையா? உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொலிசாரையும் கட்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவோம் அல்லது மறுப்போம் என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். அந்த விவசாயியை மீண்டும் அழைத்தோம். இம்முறை விண்ணப்பம் நிரப்பவில்லை, கேள்வி எழுதினோம். அறிக்கை எழுதப்பட்டதா? எந்நாளில்? அதில் என்ன உள்ளது? தமிழில் எழுதினோம், தமிழில் விடை தருமாறு கேட்டோம். மாவடிப்பள்ளியிலிருந்து இரு விவசாயிகள் இதை அறிந்து, தமக்கும் எழுதித் தருமாறு வந்தனர். தமிழரின் வயலும் முஸ்லிம்களின் வயலும் ஒரே வாய்க்காலின் நீரைக் குடிப்பவை; ஒரே பன்றி இரண்டையும் உழுகின்றது. அறிக்கை வராத துயரிலும் அவர்கள் ஒன்றே. அத்துயர் அவர்களை ஒரே மேசையில் இருத்திக் கேள்வி எழுதச் செய்யுமாயின், நூறு துவக்கு தராத காவலை அது இந்தக் கரைக்குத் தரும்.