நர்ஸ்னா ஊசி போடுறவங்க மட்டும்தானா?

1/ "டாக்டர் எழுதுவார், நர்ஸ் ஊசி போடுவாங்க, அவ்ளோதானே?" நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறீங்க. ஒரே ஒரு மருந்தை வச்சு சொல்றேன், பாருங்க.

2/ மெக்னீசியம் சல்பேட். கர்ப்பிணிக்கு பிபி எகிறி வலிப்பு வந்தா முதல்ல கொடுக்க வேண்டிய மருந்து. ராத்திரி 2 மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்படி ஒரு பொண்ணு வந்தா, அங்க பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான் இருப்பாங்க. முதல் டோஸைப் போட்டுட்டுத்தான் 108-ல ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.

3/ ஆனா இதே மருந்து உடம்புல அளவுக்கு மீறிச் சேர்ந்தா உயிரையே எடுக்கும். இது வெளியேறுவது சிறுநீர் வழியா. கிட்னி மந்தமா இருந்தா, சரியான டோஸே ஓவர்டோஸ் ஆகிடும்.

4/ அதனால அடுத்த டோஸுக்கு முன்னாடி நர்ஸ் மூணு விஷயம் பார்ப்பாங்க. முழங்காலுக்குக் கீழ தட்டினா கால் துள்ளுதா? நிமிஷத்துக்கு 16 மூச்சாவது இருக்கா? மணிக்கு 30 மில்லி சிறுநீராவது வருதா? இதுல ஒண்ணு குறைஞ்சாலும் டோஸை நிறுத்தணும். முதல்ல நிக்கிறது கால் துள்ளல், அப்புறம் மூச்சு, கடைசியில இதயம்.

5/ மூச்சு நின்னுட்டா? ஆம்பு பேக்கால காத்து கொடுத்துக்கிட்டே கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் நரம்புல மெதுவா ஏத்தணும். டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்க நேரம் கிடையாது. கேஸ் ஷீட்ல நாங்க எழுதுற ஒத்த வரிக்குப் பின்னாடி இவ்ளோ வேலை இருக்கு.

6/ இந்த அறிவுக்கு நாம என்ன மதிப்பு கொடுத்தோம்? 2017 நவம்பர்ல தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல ஆயிரக்கணக்கான நர்ஸுகள் உட்கார்ந்து போராடினாங்க, ஞாபகம் இருக்கா? 2015-ல எம்.ஆர்.பி. தேர்வு எழுதி, ஒப்பந்தத்துல சேர்ந்தவங்க. தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். சொன்னபடி ரெண்டு வருஷத்துல பணி நிரந்தரம் பண்ணுங்கன்னுதான் கேட்டாங்க.

7/ "நோயாளியை விட்டுட்டுப் போராட்டமா?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா அனுபவப்பட்ட நர்ஸ் இந்தச் சம்பளம் கட்டுப்படியாகாம வெளிநாடு போயிட்டா, அந்த ராத்திரி 2 மணிக்கு அங்க யார் இருப்பாங்க? என்னைக் கேட்டா, பணி நிரந்தரமும் வருஷா வருஷம் அவசர சிகிச்சைப் பயிற்சியும் சலுகையே இல்லை. நோயாளியோட பாதுகாப்பு அது.

8/ நீங்க செய்ய வேண்டியது: மருந்து எடுக்கும்போது நர்ஸ்கிட்ட பேச்சுக் கொடுக்காதீங்க. எந்த மருந்து ஒத்துக்காதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. "சிஸ்டர், இது எதுக்கு?"ன்னு தாராளமா கேளுங்க. "இருங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டுப் போடுறேன்"னு சொன்னா கத்தாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் கேட்கிறாங்க.