இறுகிய தசைக்கு இசைந்த மூட்டு

1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். அதற்குமுன் அவர் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோயின. புதிய மூட்டு நிலைத்தது. 2007இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு கட்டுரை இதை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்றே அழைத்தது. ஆனால் மூளை முடக்குவாதத்தால் கைகால் தசைகள் விறைத்தவர்களுக்கு அந்த வாசல் நெடுங்காலம் திறக்கவில்லை.

அவர்களுடைய இடுப்பு கெடுவதற்கும் அந்த விறைப்பே காரணம். மூளை முடக்குவாதத்தை லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861இல் விரிவாக எடுத்துரைத்தார். இந்நோயுள்ள குழந்தைகளுக்குப் பிறக்கும்போது மூட்டு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தொடையை உள்நோக்கி இழுக்கும் தசைகளும் மடக்கும் தசைகளும் ஓயாமல் இழுப்பதால், வளர வளரப் பந்து கிண்ணத்தை விட்டு நழுவும். பெரியவரான பிறகு உட்காருவது, உறங்குவது, உடை மாற்றுவது எல்லாமே வலியாகிவிடும்.

அதே இழுப்பு செயற்கை மூட்டையும் நழுவ வைத்துவிடும் என்று அறுவை மருத்துவர்கள் அஞ்சினார்கள். அச்சத்தில் நியாயம் இருந்தது. அதனால் தொடை எலும்பின் தலையை வெட்டி எடுப்பதும், மூட்டை அசையாமல் பிணைத்துவிடுவதுமே வழிகளாக இருந்தன. 1986இல் நியூயார்க்கின் லியோன் ராட்டும் சகாக்களும் இத்தகைய நோயாளிகளுக்கு மூட்டு மாற்றிய அனுபவத்தை வெளியிட்டபோது, செய்ய முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1970களில் பிரான்சின் சேன்ட் எத்தியனில் ழில் பூஸ்கே உருவாக்கிய இரட்டை அசைவு மூட்டு, எளிதில் நழுவாத அமைப்பைத் தந்தது. 1984இல் ரிச்சர்ட் பென்னும் ஜெஃப்ரி குரோயினும் பேக்லோஃபென் மருந்தைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்தில் நேரடியாகச் செலுத்தி விறைப்பைத் தணிக்கலாம் என்று காட்டினார்கள். பொட்டுலினம் ஊசியும் பின்னர் துணைக்கு வந்தது.

ஆயினும் கருவி எவ்வளவு மேம்பட்டாலும், அந்த மூட்டு நிலைப்பது மறுவாழ்வு சிகிச்சையின் கையில்தான். அறுவைக்குப் பிந்தைய வலி தசையை இறுக்கும். இறுகிய தசை வலியைக் கூட்டும். சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், மலச்சிக்கல்கூட விறைப்பைத் தூண்டிவிடும். ஆகவே தசையைத் தளர்த்தும் திட்டம் கத்தி படுவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். தொடைகளுக்கிடையே தலையணை, நிதானமான நீட்டல் பயிற்சி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் முறை ஆகியவற்றைப் பிசியோதெரபிஸ்ட் குடும்பத்தாருக்கும் கற்பிக்க வேண்டும். நடந்தால்தான் வெற்றி என்பதும் இல்லை. வலியின்றி ஒரு மணி நேரம் உட்கார முடிந்தால் அதுவும் முழுமையான வெற்றியே.

இந்த வரலாற்றின் மிகச் சிறந்த பாடம் தென் சுவீடனில் இருக்கிறது. அங்கே 1994 முதல் மூளை முடக்குவாதக் குழந்தைகளின் இடுப்பை முறையாக எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்து, நழுவத் தொடங்கும்போதே சிகிச்சை அளித்தார்கள். மூட்டு முழுமையாக விலகுவது அரிதாகிவிட்டது.

மூட்டு மாற்றும்போது இவர்களுக்கு ஆபத்து இன்றும் பிறரைவிட அதிகம்தான். ஆனால் விறைப்பை மட்டும் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்ப இனி நியாயமில்லை. விறைப்புள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இடுப்புக் கண்காணிப்பு வேண்டும். வலியோடு வாழும் ஒவ்வொரு பெரியவரையும் எலும்பு மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் ஒன்றாக அமர்ந்து பார்க்க வேண்டும்.