மாத்திரை மட்டும் போதுமா?

“விசர்!” இந்த ஒரு சொல்லால் குடாநாட்டில் எத்தனை குடும்பங்கள் படலைக்குள் பூட்டுண்டு கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தவர் உண்டா?

இருமுனைப் பிறழ்வு என்று மருத்துவர் கூறும் நோயைப் பற்றியே பேசுகின்றோம். சில கிழமைகள் உறக்கம் வேண்டாத உற்சாகம். கடன்பட்டுக் கடை திறப்பான், காணி உறுதியை ஈடு வைப்பான். பின்னர் பல மாதம் பாயை விட்டு எழான். உயிரை மாய்க்கவும் துணிவான். இடைப்பட்ட காலத்திலோ நம்மைப் போலவே வேலைக்குப் போவான், திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடுவான். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019ஆம் ஆண்டில் இந்நோயுடன் வாழ்ந்தோர் 4 கோடிப் பேர். அவர்களுள் யாழ்ப்பாணத்தார் எவருமில்லை என்று நம் பெரியோர் நினைத்திருக்கின்றனர் போலும்!

போர் தந்த மனவடுவைப் பற்றிப் பேச நாம் கற்றுக்கொண்டோம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் அதனை உலகறிய எழுதினார்; சாந்திகம் உளவளத்துணையாளரைப் பயிற்றியது. அப்பணியைப் பழிப்பவன் நன்றி கொன்றவன். ஆனால் குண்டு விழாத வீட்டிலும் வருகின்ற இந்நோய், நிதி வழங்குவோர் கண்ணிலும் நம் மேடைப் பேச்சாளர் நாவிலும் இடம்பெற்றது எங்கே? நோயாளி கிளினிக் வரிசையில் நிற்கிறான், மாத்திரை வாங்குகிறான், வீடு திரும்புகிறான். அத்துடன் நம் கடமை முடிந்ததாம்!

மாத்திரை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கூறுபவன் கொலைகாரன். 1949ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் பயனைக் காட்டிய லிதியம் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆயினும் அந்த மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அளவு சற்று மிஞ்சினால் அது நஞ்சு. இரத்தத்தைச் சோதித்தே கொடுத்தல் வேண்டும். சித்திரை வெயிலில் தோட்டத்தில் வியர்வை சிந்துபவன் நீர் குடியாதிருந்தாலும், வயிற்றோட்டம் கண்டாலும், விரதமென்று உப்பை விலக்கினாலும் அந்த அளவு ஏறும். இதனை அவனையும் அவன் மனைவியையும் இருத்தி, நல்ல தமிழில் விளக்குபவர் யார்? வாசலில் வரிசை நீண்டு நிற்கையில் வைத்தியர் ஒருவரால் ஆகுமா?

விளக்கி என்ன பயன் என்பார்க்கு விடை பார்சலோனாவில் உண்டு. 2003ஆம் ஆண்டில் கொலொம், வியேத்தா முதலியோர் வெளியிட்ட ஆய்வில் 120 நோயாளர் பங்குகொண்டனர். எல்லோரும் மருந்து உட்கொண்டவரே. ஒரு பாதியினர் 21 தடவை குழுவாகக் கூடி, நோயின் முன்னறிகுறிகளையும், மருந்தின் தேவையையும், உறக்க ஒழுங்கையும் கற்றனர். மறுபாதியினரும் 21 தடவை கூடினர். பாடம் மட்டும் இல்லை. கற்றவரிடையே நோய் மீண்டது குறைவு. ஐந்து ஆண்டுகளின் பின்னும் அப்பயன் நிலைத்தது. இதற்கு வேண்டிய இயந்திரம் யாது? ஓர் அறை, பன்னிரண்டு கதிரை, பயிற்சி பெற்ற இருவர்! காசில்லை என்று இதற்குமா கை விரிப்பது?

நம் வீடுகளின் குற்றமும் சிறிதன்று. பெண்ணின் நோயை மறைத்துக் கலியாணம் பேசுகின்றோம். புகுந்த வீட்டார் காணக்கூடாதென்று அவள் மாத்திரையை நிறுத்துகிறாள். உறக்கம் கெடுகிறது, நோய் மூளுகிறது. உடனே பேயென்று பார்வை பார்க்க அழைத்துச் செல்கின்றோம். கோயிலுக்குப் போகட்டும், தடுக்க நாம் யார்? மாத்திரையும் மடியில் இருக்கட்டும் என்றே கேட்கின்றோம். அவள் கணவனையும் மாமியையும் அழைத்து நோயின் இயல்பைச் சொல்லிக்கொடுப்பதும் சிகிச்சையே. குடும்பத்தையும் சேர்த்து நடத்தும் அம்முறை பிறநாடுகளில் பல்லாண்டுகளாக வழக்கில் உள்ளது.

வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்களை ஒன்று கேட்கின்றோம். தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு ஆதார வைத்தியசாலைகளிலும் கிழமைக்கு ஒரு நாள் இத்தகைய குழு கூடுவதற்கு ஆளும் அறையும் தாருங்கள் என்று அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் எழுந்து கேட்பீர்களா? நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறி மகனுக்கு மருந்து வாங்க வரும் தாய்க்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?